கனத்த வண்டியின் மெல்நடை

ஜப்பானில் 400 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்டும் உரிமத்தை நாடி வருகிறவர், பரீட்சை மைதானத்தில் 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஓர் ஒற்றைப் பாலத்தின்மீது வண்டியை ஏற்றி, எந்தச் சக்கரமும் விளிம்பைவிட்டு நழுவாமல் மறுமுனையில் இறங்கிக் காட்ட வேண்டும். நழுவினால் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இதைக் கேட்ட மாத்திரத்தில், ஒரே மூச்சில் வேகமாகக் கடந்துவிட்டால் தீர்ந்தது என்று நமக்குத் தோன்றக்கூடும். ஆனால் அந்த நாட்டின் விதி அதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது. பாலத்தின்மேல் 10 விநாடிக்குக் குறையாமல் தங்கியிருக்க வேண்டும்; குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும். நடுத்தர வண்டிக்கான பரீட்சையில் இதே பாலத்துக்கு 7 விநாடி போதும் என்றும், பெரிய வண்டிக்கு 10 விநாடி வேண்டும் என்றும் வகுத்திருப்பதைக் கவனித்தால், அவர்கள் சோதிக்க விரும்பிய சாமர்த்தியம் இன்னதென்று விளங்கும். 15 மீட்டரை 10 விநாடியில் கடப்பதென்பது மணிக்கு 5.4 கிலோமீட்டர் வேகம். அதாவது, சற்று விரைந்து நடக்கும் ஒருவருக்கு இணையாகச் செல்வது.

1975-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டு வரை, இந்தப் பெரிய வண்டிகளுக்கான உரிமத்தை ஓட்டுநர் பள்ளிகளில் பயின்று பெற அந்த நாட்டில் வழியே இல்லாமல் இருந்தது. அரசாங்கப் பரீட்சை மைதானத்துக்கு நேரே சென்று, அங்கே தேறினாலொழிய உரிமம் இல்லை. பலமுறை தோற்று, பலமுறை மீண்டும் சென்றவர்கள் ஏராளம். வேகத்தையே பெருமையாகக் கொண்டு செய்யப்பட்ட யந்திரங்களை உலகுக்கெல்லாம் அனுப்பிய தேசம், தன் மக்களிடம் முதலில் கேட்டது மெதுவாகச் செல்லும் திறமையைத்தான் என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

நெடும் பயணத்துக்கென்றே அமைக்கப்பட்ட கனரக மோட்டார் சைக்கிள்களை எடுத்துக்கொண்டால் இந்த விதியின் நியாயம் இன்னும் தெளிவாகும். 1974-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் கோலோன் நகரக் கண்காட்சியில் ஹோண்டா நிறுவனம் முதன்முதலாகக் காட்டிய கோல்டு விங் என்னும் வண்டி, படுத்த வாக்கில் அமைந்த நான்கு சிலிண்டர்களையும் 999 கன சென்டிமீட்டர் கொள்ளளவையும் உடையதாயிருந்தது. அதன் வழித்தோன்றல்கள் ஆறு சிலிண்டர்களும், காற்றைத் தடுக்கும் பெரிய முகப்பும், பக்கப் பெட்டிகளும், பின்னிருக்கைக்குச் சாய்மானமும் பெற்று வளர்ந்து, இன்று ஏறத்தாழ 380 கிலோ எடையை எட்டியிருக்கின்றன. மின்சார ஸ்டார்ட்டருடன் 1965-இல் வெளிவந்த ஹார்லி டேவிட்ஸன் எலக்ட்ரா கிளைடின் வம்சத்தைச் சேர்ந்த வண்டிகளும் இதே கனத்தைச் சேர்ந்தவையே. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது இவற்றை ஒரு விரலின் அழுத்தத்தால் நடத்தலாம் என்று சொன்னால் அது மிகையாகாது. அதே வண்டி, அதே நாளில், பெட்ரோல் பங்கின் வாசலில் வளைந்து நுழையும்போதோ, சரளைக்கல் பரவிய விடுதி முற்றத்தில் திரும்பும்போதோ, ஓட்டுபவரின் காலடியிலேயே சாய்ந்து விழுந்துவிடுகிறது. கனத்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் இந்த விழுதலைத்தான். காயம் அற்பமாகவும் அவமானம் பெரிதாகவும் இருக்கும் இந்த விழுதலுக்கு என்ன காரணம்?

இரண்டு சக்கர வண்டி ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்ற கேள்வி எளியதுபோல் தோன்றினாலும் சாஸ்திரக்காரர்களை நூறாண்டுக்கு மேலாக உழைக்கவைத்த கேள்வி. 1817-இல் கார்ல் வான் டிரைஸ் என்ற ஜெர்மானியர் காலால் உந்தி ஓட்டும் மரவண்டியை மன்ஹைம் நகரத்தில் ஓட்டிக்காட்டியபோதே, முன்சக்கரத்தைத் திருப்ப வழியிருந்தால்தான் அது நிற்கும் என்பது பிரத்தியட்சமாயிற்று. 1899-இல் ஃபிரான்சிஸ் விப்பிள் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர், சைக்கிளின் இயக்கத்துக்கு முழுமையான கணிதச் சமன்பாடுகளை எழுதினார். சுழலும் சக்கரங்களின் ஜைரோஸ்கோப் தன்மையே வண்டியைத் தாங்குகிறது என்ற நம்பிக்கை வெகுகாலம் நிலவியது. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில வேதியியலர், முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்தத் தன்மையை நீக்கிவிட்டு, அப்படியும் வண்டியை ஓட்ட முடிகிறது என்று காட்டினார். முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, ஹேண்டில் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் இருப்பதே முக்கியம் என்பது அவர் கண்ட முடிவு. 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஜைரோஸ்கோப் தன்மையும் இல்லாமல், அந்தப் பின்னடைவும் இல்லாமல், தானாகவே நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து காட்டி, அந்த முடிவும் முழு உண்மையாகாது என்று நிறுவினார்கள். எனினும் எல்லோருடைய ஆராய்ச்சியிலும் பொதுவாய் நிற்கும் உண்மை ஒன்றுண்டு: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் திரும்பவேண்டும், அப்படித் திரும்பினால் சக்கரங்கள், விழுகின்ற எடையின் அடியில் போய்ச் சேர்ந்து அதைத் தாங்கிவிடும். வேகமாகச் செல்லும்போது, வண்டியின் அமைப்பே இந்தக் காரியத்தைச் செய்துகொடுக்கிறது.

எந்த வேகம் வரை என்று கேட்கலாம். சாதாரண சைக்கிள் ஒன்றின் அளவுகளைக்கொண்டு 2007-இல் வெளியான கணிப்பின்படி, ஆளுடைய உதவியின்றி அது தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் வேகம் விநாடிக்கு 4.3 மீட்டரில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளுக்கு எண்கள் வேறுபடுமேயன்றித் தத்துவம் வேறுபடாது. அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் வண்டி தான் செய்துவந்த வேலையைக் கைவிடுகிறது. அன்றுவரை அந்த வேலை நடந்துகொண்டிருந்ததையே அறியாத ஓட்டுநர், அதை முழுவதும் தம் கையில் ஏற்கவேண்டியவராகிறார். நெடுஞ்சாலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட நடைவேகத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. அவர்களுடைய அனுபவம் உண்மையானதே. ஆனால் அது வேறொரு வேலையில் பெற்ற அனுபவம்.

அந்த வேலை எத்தனை கடினமாகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். சாய்வைத் தாங்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தோடு உயர்ந்து, வளைவின் ஆரத்தோடு குறைகிறது. முன் பின் அச்சுகளுக்கிடையே 1.7 மீட்டர் தூரமுள்ள ஒரு பெருவண்டி 2 பாகை சாய்ந்துவிட்டதாகக் கொள்வோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சாய்வைத் தாங்க, முன்சக்கரம் ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு திரும்பினால் போதும். அது கண்ணுக்கே தெரியாத அசைவு. மணிக்கு 5.4 கிலோமீட்டரிலோ, அதே 2 பாகைச் சாய்வுக்கு முன்சக்கரம் 14 பாகைக்கு மேல் திரும்பவேண்டியிருக்கிறது. வேகம் பத்தில் ஒன்றானால் திருப்பம் நூறு மடங்காகிறது. ஹேண்டிலைப் பெரிதாக அசைக்கக் கூசுகிற கை, நடைவேகத்தில் வண்டியைக் காப்பாற்ற முடியாது என்பதை இந்த எண்கள் தயவுதாட்சணியமின்றிச் சொல்லிவிடுகின்றன.

இனி, விழுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்ப்போம். உள்ளங்கையில் ஒரு கம்பை நிறுத்தி விளையாடாத சிறுவர்கள் இல்லை. நீளக் கம்பு மெதுவாகவும், குட்டைக் கம்பு சட்டென்றும் சாய்வதை அவர்கள் அறிவார்கள். வண்டியும் அவ்வாறு தலைகீழாக நிற்கும் ஒரு கம்பே. எடை முழுவதும் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே புள்ளியில் இருப்பதாக எளிமைப்படுத்திக்கொண்டால், திருத்தப்படாத சாய்வு ஒவ்வொரு கால் விநாடிக்கும் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகப் பெருகும். மனிதனுடைய எதிர்வினைக்கு ஐந்தில் ஒரு விநாடி அளவு தேவைப்படுகிறது என்பதை நினைவில் கொண்டால், ஓட்டுபவருக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு சொற்பமென்று புரியும். ஆனால் இந்தக் கணக்கில் நம்பிக்கை தரும் ஓர் அம்சமும் இருக்கிறது: அதில் எடை இடம்பெறவே இல்லை. 150 கிலோ வண்டியும் 380 கிலோ வண்டியும், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஒன்றாயிருந்தால், ஒரே விதமாகவே சாயும். சமநிலையின் எல்லைக்குள் இருக்கும்வரை கனம் ஓட்டுபவருக்குப் பகையன்று.

எல்லையைத் தாண்டினால் நிலைமை முற்றிலும் வேறு. 380 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு, ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டிலைப் பிடித்துத் தாங்குவதாக வைத்துக்கொண்டால், 3 பாகைச் சாய்வில் சுமார் 10 கிலோ தள்ளுவிசை வேண்டும். அதை யாரும் தாங்குவார்கள். 10 பாகையில் 33 கிலோ, திடகாத்திரமானவருக்குச் சாத்தியம். 20 பாகையில் 65 கிலோ. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அதைத் தாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். ஆகவே, கனத்த வண்டியை உடல் வலிமையால் அடக்கலாம் என்ற எண்ணம் சில பாகைகளுக்குமேல் செல்லுபடியாகாது; பலமுள்ளவருக்கும் பலமில்லாதவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்தச் சிறு கோணத்துக்குள் அடங்கிவிடுகிறது. மெலிந்த உடலுடைய பெண்களும் ஆண்களும் இந்த வண்டிகளை அநாயாசமாக நடத்துவதை விளக்க இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவர்கள் செய்வது என்ன? மூன்று கருவிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பிரயோகிக்கிறார்கள்: கிளட்ச், ஆக்ஸிலேட்டர், பின் பிரேக். கிளட்ச் லீவரை முழுவதும் பிடித்த நிலைக்கும் முழுவதும் விட்ட நிலைக்கும் இடையில், தகடுகள் வழுக்கிக்கொண்டே சிறிது சக்தியைப் பின்சக்கரத்துக்கு அனுப்பும் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. நம்மவர்கள் அதை ஹாஃப் கிளட்ச் என்பார்கள். மெல்நடையின் ஜீவன் அங்கேதான் குடியிருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை ஐடிலிங்கைவிடச் சற்றே உயர்த்தி அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இடது கை விரல்களின் நுண்ணிய அசைவால் மட்டும் சக்தியைக் கூட்டியும் குறைத்தும், வலது காலால் பின் பிரேக்கை இலேசாக அழுத்தியும் வைத்திருந்தால், உந்தும் விசையும் தடுக்கும் விசையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்க, வண்டி இழுத்துக் கட்டியதுபோல் அசைவற்ற ஒழுங்கோடு நகரும். ஆக்ஸிலேட்டரைத் திறந்து மூடுவதாலேயே வேகத்தை அடக்க முயல்கிறவருக்கு, எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு குலுக்கலாக வந்து சேரும். அந்தக் குலுக்கல் ஒவ்வொன்றும் சாய்வில் ஒரு பிழையைப் புகுத்தும். கிளட்ச் தேய்ந்துபோகாதா என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: இக்காலத்துப் பெருவண்டிகளில் பெரும்பாலானவற்றில் பல தகடுகள் கொண்ட, எண்ணெயில் மூழ்கிய கிளட்சே இருக்கிறது, எண்ணெய் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் நியாயமான அளவுக்கு வழுக்குவதை அது பொறுக்கும். பழைய பி.எம்.டபிள்யூ. பாக்ஸர் வண்டிகளைப்போல உலர்ந்த ஒற்றைத் தகடு கொண்டவற்றில் அந்தத் தாராளம் கூடாது.

முன் பிரேக்கைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வேகமாகச் செல்லும் வண்டியை நிறுத்துவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது நடைவேகத்தில் அதைத் தொட்டவர் வண்டியைத் தரையில் காண்பார். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சாய்ந்து திரும்பும் வண்டியை விழாமல் தாங்குவது அதன் வேகம். வேகம் பாதியானால் தாங்கும் விசை நாலில் ஒன்றாகிவிடுகிறது, சாய்வோ அப்படியே இருக்கிறது. இது பொதுவான காரணம். இரண்டாவது, முன்சக்கரத்துக்கே உரியது. இடப்புறம் திருப்பிய சக்கரத்தில் பிரேக் பிடித்தால், அந்தத் தடை நேரே பின்னோக்கி இயங்காமல், சக்கரத்தின் போக்குக்கு எதிராக, பின்னும் வலமுமாகச் சாய்ந்து இயங்குகிறது; வண்டியைத் தாங்குவதற்கோ சக்கரத்தடியில் இடப்புறம் நோக்கிய விசை வேண்டும். தாங்கவேண்டிய விசையைப் பிரேக்கே தின்றுவிடுவதால், வண்டி தூண் சரிந்ததுபோல உட்புறம் வீழ்கிறது. ஹேண்டிலை நேராக்கிய பிறகே நிற்கவேண்டும், திருப்பத்தில் பின் பிரேக் ஒன்றே துணை என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கண்ணின் பங்கு இவற்றுக்குக் குறைந்ததன்று. 1994-இல் மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற இருவர், வளைந்த சாலையில் காரோட்டுபவர்களின் பார்வையைக் கருவிகொண்டு பதிவுசெய்து, வளைவின் உள்விளிம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தை அவர்கள் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு ஒன்றிரண்டு விநாடி முன்பே நாடுகிறார்கள் என்று காட்டினார்கள். கை எங்கே போகவேண்டும் என்பதைக் கண் முன்கூட்டியே தீர்மானிக்கிறது. மெதுவாகத் திரும்பும் ஓட்டுநர், தம் முன்சக்கரத்தின் அருகிலுள்ள தரையைப் பார்த்தால், மூளைக்கு எதிர்காலமே கிடைப்பதில்லை. சாய்வு நேர்ந்த பிறகு அதைத் திருத்தும் நிலைக்கே அவர் தள்ளப்படுகிறார், அதற்குரிய அவகாசம் கால் விநாடிதான் என்று மேலே கண்டோம். தோளுக்குமேல் தலையை முழுவதும் திருப்பி, போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்ப்பவருக்கு, கைகள் தாமே அந்த வட்டத்தை வரைந்துகொடுக்கின்றன. தரையைப் பார்த்தவர் தரைக்கே போவார் என்று ஓட்டுநர் வட்டாரத்தில் சொல்வதுண்டு; அதில் அனுபவத்தின் சாரம் இருக்கிறது.

முழுத் திருப்பம், அதாவது வந்த வழியே திரும்பிச் செல்லும் யூ வளைவு, இந்தக் கலையின் உரைகல். அமெரிக்க நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் வழக்கமான அகலம் 12 அடி. இரு தடங்கள் கொண்ட சாலையில் திரும்ப 24 அடி, அதாவது 7.3 மீட்டர் கிடைக்கிறது. பலருக்கு இது போதாது என்று தோன்றும். முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளித் திரும்புவார்கள். ஆனால் 1.7 மீட்டர் அச்சுத் தூரமுள்ள வண்டி அந்த வட்டத்தில் திரும்ப ஹேண்டில் 30 பாகைக்கும் குறைவாகத் திரும்பினால் போதும் என்று கணக்குச் சொல்கிறது. அதற்குமேல் திரும்பும் வசதியை வண்டியைச் செய்தவர்கள் வைத்தே இருக்கிறார்கள். மணிக்கு 8 கிலோமீட்டரில் அந்த வளைவுக்கு வேண்டிய சாய்வும் ஏறத்தாழ 8 பாகைதான். இன்னும் குறுகிய வட்டம் வேண்டுமென்றால், ஓட்டுபவர் தம் உடலை வெளிப்புறமாக நகர்த்தி, வண்டியை மட்டும் உட்புறம் நன்றாகச் சாய்க்கிறார். மொத்த எடை சமநிலையில் இருக்க, வண்டி தனியே அதிகம் சாய்ந்துகொள்கிறது. சாய்ந்த வண்டியில், ஹேண்டிலின் அதே திருப்பம் தரையில் கூடுதலான திருப்பமாக வெளிப்படுகிறது. 30 பாகை சாய்ந்தால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும். வளைவில் வேகமாகச் செல்லும் பந்தய வீரர் உட்புறம் தொங்குவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது விபரீதமாகத் தோன்றினாலும், அங்கே வேகம் மிகுதி, இங்கே வேகமே இல்லை என்ற வேறுபாட்டை நினைத்தால் குழப்பம் நீங்கும்.

இதையெல்லாம் தொழிலாகவே பயில்கிறவர்கள் போலீஸ் மோட்டார் படையினர். அமெரிக்க நகரங்களில் இவர்கள், ஹார்லி போன்ற பெருவண்டிகளை, பாதத்தட்டுகள் தரையை உரசித் தீப்பொறி பறக்கும் அளவுக்குச் சாய்த்து, ரப்பர்க் கூம்புகளுக்கிடையே நெளிந்து செல்லப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். ஜப்பானியப் போலீஸாரின் வெள்ளை மோட்டார் சைக்கிள் படை இபராகி மாகாணத்திலுள்ள ஹிட்டாச்சிநாகா நகரில் கூடி நடத்தும் தேசியப் போட்டியிலும் சமநிலை ஓட்டத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு. அவர்களுடைய வண்டிகள் மற்றவர்கள் வாங்கும் வண்டிகளைவிட அதிசயமானவை அல்ல. ஊர்வலங்களோடும் நெரிசலோடும் சேர்ந்து மணிக்கணக்கில் நடைவேகத்தில் செல்வது உத்தியோகத்தின் பகுதியாக இருப்பதால், அவர்களுக்கு அப்பியாசம் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லை.

மற்றவர்கள் அந்த அப்பியாசத்தைத் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மணலோ சரளையோ இல்லாத, ஈரமற்ற, சமமான தார்த்தளம் ஒன்று வேண்டும். விடுமுறை நாட்களின் காலையில் வெறிச்சிட்டிருக்கும் கார் நிறுத்துமிடம், அனுமதி பெற்றால், இதற்கு உத்தமம். இரண்டாக வெட்டிய டென்னிஸ் பந்துகளே அடையாளக் கூம்புகளாகப் போதும்; சக்கரம் ஏறினாலும் தீங்கில்லை. வண்டி நடைவேகத்தில்தானே போகிறது என்று ஹெல்மெட்டையோ, கணுக்காலை மூடிய பூட்ஸையோ, கையுறையையோ விட்டுவிடலாகாது. 380 கிலோ எடை கணுக்காலின்மேல் சாய்வதற்கு வேகம் தேவையில்லை.

முதலில் வண்டியை நிறுத்திய நிலையிலேயே, கிளட்ச் எந்த இடத்தில் பற்றத் தொடங்குகிறது என்பதை விரல்கள் அறியவேண்டும். பற்றியதும் ஓரடி நகர்ந்து, உடனே பிடித்து நிறுத்தி, மீண்டும் விட்டு, இவ்வாறு விரல்களுக்கு அந்த இடம் மனப்பாடமாகும்வரை செய்வது நலம். இந்தப் பாடத்தைப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு வரும் எல்லாச் சங்கடங்களும் இந்த அவசரத்தின் விளைவே என்று நான் கருதுகிறேன். அடுத்து, கால்களைப் பாதத்தட்டில் வைத்துக்கொண்டு, நேர்கோட்டில், குறிப்பிட்ட தூரத்தை எவ்வளவு அதிக நேரத்தில் கடக்க முடியும் என்று பார்க்கவேண்டும். பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைக் கண்டவர்களுக்கு இதன் சாரம் தெரியும். கடைசியில் வருபவரே அங்கே வெற்றி பெறுகிறார். இந்தக் கட்டத்தில் முழங்கால்களால் பெட்ரோல் டாங்க்கை அணைத்துப் பிடித்து உடலை நிலைநிறுத்திக்கொள்வது அவசியம், ஏனெனில் அப்போதுதான் கைகள் உடலைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டுத் தளர்ந்திருக்கும். பயம் முதலில் குடிபுகும் இடம் முழங்கை. அது விறைத்துவிட்டால் ஹேண்டில் பூட்டியதுபோலாகி, வண்டி சாய்ந்த பக்கம் திரும்பும் சுதந்திரத்தை இழந்துவிடுகிறது.

பிறகு வட்டங்கள். அகன்ற வட்டத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று குறுக்கிக்கொண்டே வந்து, ஹேண்டில் முழுவதும் திரும்பி முட்டும் நிலைவரை போகவேண்டும். இடவட்டமும் வலவட்டமும் சமமாக வருவதில்லை என்பதை எல்லோரும் காண்பார்கள். இடப்புறம் முழுவதும் திருப்பினால் ஆக்ஸிலேட்டர் பிடித்த வலக்கை நீண்டு விலகுகிறது. வலப்புறம் திருப்பினால் அதே கை மடங்கி வயிற்றருகே வந்து, மணிக்கட்டு தன்னையறியாமல் சக்தியைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. கடினமான பக்கத்துக்கே கூடுதல் நேரம் ஒதுக்கவேண்டும்; இயல்பாக வரும் பக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்து மகிழ்வது மனித சுபாவம். இரு வட்டங்களும் வசமானபின் அவற்றைச் சேர்த்தால் எட்டு. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. முன்னிலையில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கிய எவருக்கும் இந்த உருவம் புதிதன்று. ஒருநாள் பரீட்சைக்காகப் போட்டு மறந்த அந்த எட்டுதான், ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்கு இடையறாமல் மாறும் பயிற்சியை வேறெதையும்விடச் செம்மையாகத் தருகிறது. எட்டின் நடுவில், வண்டி நிமிர்ந்து மறுபுறம் சாயும் அந்த நொடியில், தலை வண்டிக்கு முன்பே திரும்பிவிட்டதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் களைத்துப்போகும்வரை செய்வதைவிட, பல நாட்களில் சிறிது சிறிதாகச் செய்வதே பலன் தரும். உடலின் அசைவுகளைச் செம்மைப்படுத்தும் சிறுமூளை, தவறையும் திருத்தத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டே கற்கிறது. இடையில் வரும் ஓய்வும் உறக்கமும் அந்தக் கல்வியை உறுதிப்படுத்துகின்றன. காற்றால் குளிரும் எஞ்சின்கள் நடைவேகத்தில் காற்றில்லாமல் சூடேறுவதால், யந்திரத்துக்கும் அவ்வப்போது ஓய்வு வேண்டும்.

வண்டி சாய்ந்தே தீரும் என்று தெரிந்த கணத்தில் அதைப் பிடித்து நிறுத்த முனைவது தோளுக்கும் முழங்காலுக்கும் ஆபத்து. காலை அப்புறப்படுத்திக்கொண்டு மெல்லக் கீழே விட்டுவிடுவதே விவேகம். பெருவண்டிகளின் இருபுறமும் உள்ள கிராஷ் கார்டு வண்டி முற்றிலும் படுத்துவிடாமல் தாங்குவதற்கே அமைந்தது. எஞ்சினை அணைத்து, கியரில் வைத்து, வண்டி வலப்புறம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே வெளியே எடுத்துவிட்டு, இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்புறத்துக் கம்பியையும் பற்றி, முதுகை நேராக வைத்துக் கால்களின் பலத்தால் சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால், தனியாள் ஒருவரே அதை நிமிர்த்திவிட முடியும். இதையும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு ஒருமுறை பழகியிருப்பது நல்லது.

யந்திரத்தைச் செய்பவர்களும் இந்தச் சிரமத்தை அறியாதவர்கள் அல்லர். 1988-இல் ஆறு சிலிண்டர்களோடு வந்த கோல்டு விங்கில், ஸ்டார்ட்டர் மோட்டாரையே பயன்படுத்தி வண்டியைப் பின்னோக்கி நகர்த்தும் வசதி இருந்தது. சரிவில் முகம் புதைத்து நிறுத்திவிட்ட வண்டியைக் காலால் தள்ளி மீட்ட எவரும் அதன் அருமையை அறிவர். 2017-இல் ஹோண்டா நிறுவனம் லாஸ் வேகாஸ் நகரில் காட்டிய ஒரு சோதனை வண்டி, ஜைரோஸ்கோப்பின் துணையின்றி, முன் ஃபோர்க்கின் சாய்வை மாற்றிக்கொண்டு, ஹேண்டிலைத் தானே நுண்மையாக அசைத்து, ஆளில்லாமலும் நிமிர்ந்து நின்றது. அந்த யந்திரம் செய்ததும், சாய்ந்த பக்கம் சக்கரத்தைத் திருப்புவதாகிய பழைய காரியமேயன்றி வேறில்லை. அத்தகைய ஏற்பாடுகள் எல்லா வண்டிகளிலும் வரும் காலம் வரலாம். வந்தாலும் அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் இன்று சாலையில் இருக்கும் வண்டிகளுக்கு அந்த வேலையைச் செய்ய ஓட்டுநரின் கைகளைத் தவிர வேறு கதி இல்லை.

கனத்த வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறும் வண்டியில் பழகிய கைகளுக்கு, பக்கப் பெட்டிகள் நிரம்பி, பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்த வண்டி வேறொரு வண்டி. ஈர்ப்பு மையம் உயர்ந்து பின்னால் நகர்ந்திருக்கும், பின்னால் இருப்பவரின் ஒவ்வொரு அசைவும் சாய்வில் சேரும். ஆகையால் நீண்ட பயணத்துக்கு முன், அந்தச் சுமையை ஏற்றிக்கொண்டு, உடன் வரப்போகிறவரையும் அமரவைத்துக்கொண்டு, ஒரு காலைப்பொழுதைத் தார்த்தளத்தில் வட்டமும் எட்டும் போட்டுக் கழித்துவிட்டுப் புறப்படுங்கள்.